ஜகத் சேட் பட்டம் மகனுக்குத் தானாக வந்ததா?

"பிளாசிப் போர் பற்றிப் படிக்கும்போது வரும் ஜகத் சேட் என்பது ஒரு ஆளின் பெயரா, பட்டமா? பரம்பரைப் பட்டம் என்றால் அப்பாவுக்கு அப்புறம் மகனுக்குத் தானாகப் போய்விடுமா? அவ்வளவு சொத்தும் கடைசியில் என்ன ஆனது?" என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றும் ஒரே விஷயத்தில்தான் போய் முடிகின்றன.

முதலில் சுருக்கமாக. அது பட்டம்தான். உலகத்துக்கே லேவாதேவிக்காரர் என்கிற அர்த்தத்தில், முகலாயப் பேரரசர் முகமது ஷா 1723-ல் முர்ஷிதாபாத்தின் பதே சந்த் என்பவருக்குக் கொடுத்தது. அவருக்குப் பிறகு பேரன் மஹ்தாப் ராய், அவர் மகன் குஷால் சந்த் என்று ஒருவர்பின் ஒருவராக அதே பட்டத்தை வைத்திருந்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் பிளாசியோடு சேர்ந்து வருகிறவர் மஹ்தாப் ராய். 1740-ல் நடந்த ஒரு சதியிலும் "ஜகத் சேட்" என்ற பெயர் வரும், அது தாத்தா. ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு படித்தால் வங்காள வரலாறு குழம்பிப் போகும்.

பட்டம் தானாக மகனுக்குப் போனதா என்றால், இல்லை. வாரிசு ஒவ்வொருவருக்கும் டெல்லியிலிருந்து புதிதாகச் சன்னது, அதாவது பேரரசரின் ஆணைப் பத்திரம், வரவேண்டும். கைக்குக் கை தானாகப் போனது தொழில். தொழில் இவர்கள் கையில் இருக்கும்வரை எந்தப் பேரரசரும் சன்னது தர மறுக்கவில்லை.

குடும்பம் வங்காளிக் குடும்பம் இல்லை. ராஜஸ்தானத்து மார்வாரில் நாகௌர் என்ற ஊர்க்காரர்கள், ஓஸ்வால் என்ற வணிகச் சாதியைச் சேர்ந்த சமணர்கள். ஹீரானந்த் சாஹு என்பவர் 1652-ல் பாட்னாவுக்குப் பிழைக்க வந்தார். பாட்னா அப்போது வெடியுப்பு வியாபாரத்தின் தலைமையிடம். ஐரோப்பியக் கம்பெனிகள் அங்கே கடை விரித்திருந்தன. கடன் கொடுத்து வாங்குகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அவருடைய மகன்களில் ஒருவரான மாணிக் சந்த் டாக்கா போனார். வங்காளத்தின் திவானாக, அதாவது வரி வசூல் அதிகாரியாக, இருந்த முர்ஷித் குலி கான் 1704 வாக்கில் டாக்காவை விட்டு பாகீரதி நதிக்கரையில் இருந்த மக்சூதாபாத்துக்கு அலுவலகத்தை மாற்றியபோது மாணிக் சந்தும் கூடவே வந்து, மஹிமாபூரில் மாளிகை கட்டிக்கொண்டார். அந்த ஊர்தான் திவானின் பெயரால் முர்ஷிதாபாத் ஆனது. ஃபருக்சியர் பேரரசர் ஆவதற்குப் பண உதவி செய்ததற்காக மாணிக் சந்துக்குச் "சேட்" பட்டம் கிடைத்தது. 1714-ல் அவர் பிள்ளை இல்லாமல் இறந்துபோக, சுவீகாரம் எடுத்துக்கொண்ட பதே சந்த் தொழிலுக்கு வந்தார். பரம்பரை என்கிறோமே, அதில் முதல் கைமாற்றமே தத்துப்பிள்ளைக்குத்தான்.

பதே சந்துக்குப் பெரிய பட்டம் கிடைத்த காரணமாகக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். டெல்லியில் பஞ்சமும் பணமுடையும் வந்தபோது இவர் உண்டியல் (இன்ன இடத்தில் பணம் கொடு என்று எழுதும் தாள்) எழுதிக் கொடுத்து ஊரின் வியாபாரத்தை ஓட வைத்தாராம். பேரரசர் மகிழ்ந்துபோய் வங்காள சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், பதவியையே தர முன்வந்தாராம், இவர் வேண்டாம் என்றாராம். சுபேதார் கதை எனக்கு நம்பும்படி இல்லை. மார்வாரிக் குடும்பங்களில் மூதாதையர் அரசப் பதவியை மறுத்ததாகச் சொல்வது சகஜம். பட்டத்தோடு அங்கவஸ்திரமும் முத்து அணிகளும், "ஜகத் சேட்" என்று பொறித்த மரகத முத்திரையும் வந்தன என்பது குடும்ப மரபு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முத்திரை. முத்திரை குத்திய தாளை நம்பிப் பணம் கைமாறுவதுதான் இவர்களுடைய தொழிலே.

இனி அந்தத் தொழிலைப் பார்க்கலாம். இது புரியாமல் பட்டத்தின் மதிப்பு புரியாது.

அன்றைய வங்காளத்தில் அரசாங்க வரி கட்டவேண்டிய காசு சிக்கா ரூபாய். அதில் பேரரசர் ஆட்சிக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று பொறித்திருக்கும். அடித்த ஆண்டில் அதற்கு முழு மதிப்பு. அடுத்த ஆண்டு வந்துவிட்டால் அதே காசுக்கு நூற்றுக்கு 3 ரூபாய் அளவில் வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து 5 ரூபாய். எடை குறையவில்லை, வெள்ளியின் தரம் குறையவில்லை. ஆண்டு மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் கிஸ்தி கட்டப் போகிற ஜமீன்தாரிடம் இருப்பது பழைய காசும், வெளியூர்க் காசும், பலவகை ரூபாயும். அதையெல்லாம் நடப்பு ஆண்டுச் சிக்காவாக மாற்றவேண்டும். யாரிடம் மாற்றுவது? காசு மாற்றித் தரும் சராப்பிடம். சராப்புக்கெல்லாம் சராப்பு யார்? முர்ஷிதாபாத் நாணயச்சாலையைக் கையில் வைத்திருந்த பதே சந்த். எந்தக் காசுக்கு எவ்வளவு வட்டம் என்பதும் கிட்டத்தட்ட அந்த வீட்டில்தான் முடிவானது.

இங்கே நம் பக்கத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. ஆற்காட்டில் அடித்த ரூபாயும், 1736-ல் உரிமை வாங்கிப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்காட்டு முத்திரையில் அடித்த ரூபாயும் கப்பல் ஏறி வங்காளத்துக்குப் போயின. அங்கே அதற்கும் வட்டம் உண்டு. 1742-ல் மராட்டியப் படையோடு மீர் ஹபீப் முர்ஷிதாபாத்துக்குள் புகுந்து ஜகத் சேட் மாளிகையைக் கொள்ளையடித்தபோது 2 கோடி ரூபாய் போனது, அத்தனையும் ஆற்காட்டு ரூபாய் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைன் எழுதியிருக்கிறார். இரண்டு கட்டு வைக்கோல் போனமாதிரிகூட அவர்கள் கவலைப்படவில்லை, அதன்பிறகும் ஒரே தடவையில் 1 கோடிக்குத் தர்சனி உண்டியல் எழுதித் தந்தார்கள் என்றும் சொல்கிறார். தர்சனி என்றால் காட்டியவுடன் பணம் எண்ணி வைக்கவேண்டிய உண்டியல். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியும் இதே வாசலுக்குத்தான் வரவேண்டியிருந்தது. துணியும் பட்டும் வாங்கக் கம்பெனிக் கப்பல்கள் வெள்ளிக் கட்டியாகக் கொண்டுவந்தன. கட்டியைக் கொடுத்து நெசவாளியிடம் சரக்கு வாங்க முடியாது, காசாக்கியே தீரவேண்டும். 1717-ல் ஃபருக்சியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய ஃபர்மானில், அதாவது அரச ஆணையில், முர்ஷிதாபாத் நாணயச்சாலையைப் பயன்படுத்திக்கொள்ளவும் இடம் இருந்தது. முர்ஷித் குலி கான் அதை நடக்கவிடவில்லை. சேட் வீட்டுக்கும் அது பிடிக்கவில்லை. அதனால் நாற்பது ஆண்டுகள் ஆங்கிலேயர்களும் மற்றவர்களும் வெள்ளியை அவர்களிடமே, அவர்கள் சொன்ன விலைக்கு விற்றார்கள். தேவைப்பட்டபோது அவர்களிடமே கடனும் வாங்கினார்கள்.

மூன்றாவது வேலை, வரிப்பணத்தை டெல்லிக்கு அனுப்புவது. ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல். மாட்டுவண்டியில் ஏற்றி, படை காவலோடு அனுப்பினால் வழியில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. பதே சந்த் இங்கே பணத்தை வாங்கிக்கொண்டு டெல்லியில் உள்ள தன் கிளைமேல் உண்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார். இது போக, ஆண்டு தொடக்கத்தில் புண்யாஹம் என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்கு ஜமீன்தார்கள் எல்லாம் வந்து கணக்கு முடிப்பார்கள். யாருக்குப் பணம் குறைகிறதோ அவருக்கு ஜாமீன் நிற்பதும் கடன் கொடுப்பதும் ஜகத் சேட்தான். ஆக, வரி கட்டுகிறவனுக்குக் கடன் கொடுப்பவரும், கட்டும் காசை மாற்றித் தருபவரும், வசூலான பணத்தைப் பேரரசருக்கு அனுப்புபவரும் ஒரே வீடு. கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் அவரை அறிந்த உலகத்திலேயே மிகப் பெரிய சராப்பு என்று எழுதியதில் மிகை அதிகமில்லை.

இப்படி இருக்கிறவர்களுக்கு நவாப் யார் என்பது மிக முக்கியம். சேட் வீடு அரசியலில் இறங்கியது பேராசையால் மட்டும் இல்லை, தொழிலே அரசாங்கத்தோடு பின்னியிருந்தது. 1740-ல் சர்ஃபராஸ் கானைத் தோற்கடித்துக் கொன்று அலிவர்தி கான் நவாப் ஆனதில் பதே சந்துக்குப் பங்கு உண்டு. சர்ஃபராஸ் கான் சேட் வீட்டு மருமகளைப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தியதால்தான் பகை வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. தோற்ற நவாப்களைப் பற்றி இப்படிக் கதை பிறப்பது வழக்கம் என்பதால் நான் அதைத் தள்ளியே வைப்பேன். அலிவர்தி கானின் பதினாறு ஆண்டுகள் அவர்களுடைய பொற்காலம். 1744-ல் பதே சந்த் இறந்தார். மகன்கள் முன்பே இறந்துவிட்டதால் பேரன்கள் இருவர் வந்தார்கள். மஹ்தாப் ராய்க்கு ஜகத் சேட், ஒன்றுவிட்ட சகோதரர் ஸ்வரூப் சந்துக்கு மகாராஜா. சன்னது டெல்லியிலிருந்து வந்தது.

1756-ல் அலிவர்தி கானுக்குப் பின் சிராஜ் உத் தௌலா நவாப்பாக வந்தார். வியாபாரிகளிடமிருந்து 3 கோடி திரட்டித் தரச் சொன்னதாகவும், முடியாது என்றதும் மஹ்தாப் ராயைச் சபையில் அறைந்ததாகவும் அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்: சதிகாரர்கள் ஆங்கிலேயரோடு சேர்ந்தார்கள், 1757 ஜூனில் பிளாசியில் சிராஜ் தோற்றார், மீர் ஜாஃபர் நவாப் ஆனார். சதியில் பங்காளிகள் பலர் இருந்தாலும், காசிம்பஜாரில் பிரெஞ்சுத் தலைவராக இருந்த ழான் லா தெளிவாகவே சொல்கிறார்: இதன் சூத்திரதாரிகள் சேட்டுகள், அவர்கள் இல்லாமல் ஆங்கிலேயரால் இது முடிந்திருக்காது என்று. சேட்டுகளிடம் பெருங்கடன் பட்டிருந்த கம்பெனியின் ஆள் அவர். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியவர் என்பதால் அவர் பேச்சுக்கு எடை கொடுக்கிறேன்.

துரோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. 1740-ல் ஒரு நவாப்பை மாற்றிப் பார்த்தவர்கள். 1757-ம் அதேமாதிரிதான் என்று நினைத்தார்கள். ஆள் மாறுவார், நாணயச்சாலையும் கருவூலமும் தங்களிடமே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இந்த முறை கூட்டாளியாக வந்தவனும் வியாபாரி. நவாப்களுக்கு வரிப்பணம் வந்தால் போதும். கம்பெனிக்கு நாணயச்சாலையும் வேண்டும். பிளாசிக்கு நான்கு மாதம் முன்பே, 1757 பிப்ரவரியில் சிராஜோடு செய்த அலிநகர் ஒப்பந்தத்தில் கல்கத்தாவில் காசு அடிக்கும் உரிமையை ஆங்கிலேயர்கள் வாங்கிவிட்டார்கள். இதைப் பார்த்தபிறகும் சேட் வீடு அவர்கள் பக்கம் போனது எனக்கு இன்றும் விளங்காத புதிர்.

தொடக்கத்தில் சேட்டுகளின் கணக்கு சரி என்றே தோன்றியிருக்கும். போர் முடிந்ததும் கம்பெனிக்குச் சேரவேண்டிய பணத்தைப் பங்கிட்டது, பாதி இப்போது, மீதி மூன்று ஆண்டில் என்று முடித்தது எல்லாம் ஜகத் சேட்டை வைத்துத்தான். இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்று போலி, உனக்கு ஒன்றும் கிடையாது என்று சதியில் பங்கு கேட்ட வியாபாரி உமிசந்துக்குச் சொல்லப்பட்டதும் ஜகத் சேட் வீட்டில்தான். கல்கத்தாவில் அடித்த புதுச் சிக்காவை சேட்டுகள் மதிப்பிறக்கிவிடுவார்கள், நம் நாணயச்சாலையால் பெரிய பயன் இருக்காது என்று கம்பெனிக்காரர்களே லண்டனுக்குப் புலம்பி எழுதினார்கள். 1759-ல் மஹ்தாப் ராய் கல்கத்தா வந்தபோது அவரை உபசரிக்கக் கம்பெனி 17,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தது. அந்த உபசாரத்துக்கு அப்புறம் அவருக்கு நான்கே ஆண்டுதான்.

மீர் ஜாஃபருக்குப் பின் மீர் காசிம் நவாப் ஆனதும் தலைநகரை பீகாரில் உள்ள மூங்கேருக்கு மாற்றினார். 1763-ல் சேட் சகோதரர்கள் இருவரையும் பிடித்து அங்கே கொண்டுபோனார்; ஆங்கிலேய ஆளுநர் ஆட்சேபித்து எழுதியும் விடவில்லை. ஆங்கிலேயரிடம் அடுத்தடுத்துத் தோற்றுப் பாட்னா பக்கம் பின்வாங்கும்போது இருவரையும் கொன்றுவிட்டார். கோட்டைக் கொத்தளத்திலிருந்து கங்கையில் தள்ளினார்கள் என்று சொல்லப்படுவது பிற்காலத்துக் கதை.

இங்கிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வருகிறது. மஹ்தாப் ராயின் மகன் குஷால் சந்துக்கு ஜகத் சேட் பட்டம் ஷா ஆலம் பேரரசரிடமிருந்து வந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு வாக்கில். 1765-ல் கம்பெனி, வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமையான திவானியை வாங்கிவிட்டது. நவாப்புக்கும் கம்பெனிப் படைக்கும் கொடுத்த கடனைக் கேட்டுக் குஷால் சந்தும் அவர் வீட்டாரும் வங்காளத்தில் கம்பெனியின் ஆளுநராக இருந்த கிளைவிடம் போனார்கள். கிளைவ் 21 லட்சத்தை மட்டும் ஒப்புக்கொண்டு, பாதி கம்பெனி, பாதி நவாப், பத்து ஆண்டில் தீர்ப்பது என்று முடித்தார். கூடவே, ஜமீன்தார்களைப் பழைய பாக்கிக்கு நெருக்குகிறீர்கள் என்று கண்டித்துக் கடிதமும் எழுதினார். ஆண்டுக்கு 3 லட்சம் உதவித்தொகை தருகிறேன் என்று கிளைவ் சொன்னதாகவும், என் மாதச் செலவே 1 லட்சம் என்று குஷால் சந்த் மறுத்ததாகவும் குடும்பத்தார் சொல்வார்கள்.

1772-ல் கம்பெனியின் ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வருவாய் அலுவலகத்தைக் கருவூலத்தோடு கல்கத்தாவுக்கு மாற்றினார். அப்புறம் கம்பெனி செய்த ஒரு காரியம் பார்ப்பதற்குச் சின்னது. சிக்கா ரூபாயில் ஷா ஆலம் ஆட்சியின் 19-ஆம் ஆண்டு என்று பொறித்து, அதற்குப் பிறகு எந்த ஆண்டு அடித்தாலும் அதே 19-ஐயே பொறித்தார்கள். காசுக்கு வயதே ஏறாது என்று ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு பிடித்த வட்டமும் நாளடைவில் ஒழிந்தது. சேட் வீட்டுக்கு மீர் காசிமின் கத்தி செய்ததைவிட அதிகச் சேதத்தை அந்த 19 செய்தது என்பேன்.

குஷால் சந்துக்குப் பின் வந்த தத்துப்பிள்ளை ஹரக் சந்துக்கு ஜகத் சேட் பட்டத்தை டெல்லியைக் கேட்காமல் கம்பெனியே கொடுத்தது. பிள்ளை வரம் வேண்டிச் சமணத்தை விட்டு வைணவத்துக்குப் போனவர் இவர். இவருக்குப் பின் வந்தவர்களில் கோவிந்த் சந்த் நகைகளை விற்றுச் சாப்பிட்டார். கடைசியில் முன்னோர் செய்த உதவியை நினைத்துக் கம்பெனி மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் அவர் ஜகத் சேட்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அகமதாபாத்தின் நகர்சேட் (ஊரின் வணிகத் தலைவர்) பட்டம். சாந்திதாஸ் ஜவேரி என்ற வைர வியாபாரியின் வம்சம். அவர்களும் ஓஸ்வால் சமணர்களே. 1725-ல் மராட்டியர்கள் நகரைக் கொள்ளையடிக்க வந்தபோது அந்த வம்சத்துக் குஷால்சந்த் (பெயர் ஒன்றுதான், ஆள் வேறு) கைப்பணத்தைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார். ஊர் வியாபாரிகள் கூடி, நகரில் முத்திரையாகும் சரக்கில் நூறு ரூபாய்க்கு 4 அணா அவருக்கும் வாரிசுகளுக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பின்னாளில் ஆங்கிலேய அரசு அதை ஆண்டுக்கு 2,133 ரூபாய் என்று மாற்றியது. தொகை சிறியதுதான். ஆனால் நகர்சேட்டை நகர்சேட்டாக மதித்தது மகாஜனம் என்ற ஊர் வணிகர் சங்கம். அதனால் முகலாயர், மராட்டியர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மூன்றுமுறை மாறியும் அந்த வீட்டின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது.

ஆங்கிலேயர்கள் பிற்பாடு வணிகர்களுக்குப் பரம்பரைப் பட்டம் கொடுத்தபோது விவரமாக இருந்தார்கள். சீன வியாபாரத்தில் சம்பாதித்த பம்பாய்ப் பார்சி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1857-ல் பேரோனெட் ஆனார்; அது பிரிட்டனின் பரம்பரைப் பட்டம். பட்டம் இருந்து பணம் இல்லாமல் போய்விடக் கூடாது என்று 25 லட்சம் ரூபாய் அரசுப் பத்திரங்களை அறக்கட்டளையில் கட்டிவைத்து, 1860-ல் தனிச் சட்டமே போட்டார்கள். வாரிசாக வருகிறவர் தன் சொந்தப் பெயரை விட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதும் அதில் அடக்கம். அந்தப் பட்டம் தானாகவே மூத்த மகனுக்குப் போகும். நம் ஊரில் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929-ல் வந்த செட்டிநாட்டு ராஜா பட்டமும் பரம்பரையாகக் கொடுத்ததுதான்.

சொத்து என்ன ஆனது? மஹிமாபூர் மாளிகையின் பெரும்பகுதியை பாகீரதி அரித்துக்கொண்டு போய்விட்டது. ஜகத் சேட் வீடு என்று இப்போது அருங்காட்சியகமாகக் காட்டும் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதைவிட ஆடம்பரமான கத்கோலா தோட்ட மாளிகையைப் பார்த்துவிட்டு ஜகத் சேட் மாளிகை என்று படம் போடுகிறார்கள். அது துகர் குடும்பத்தினுடையது, காலமும் பிந்தியது. குஷால் சந்த் புதையலாகப் புதைத்துவைத்து, இடத்தைச் சொல்லாமல் திடீரென்று 39 வயதில் இறந்துபோனார் என்ற கதையும் உண்டு. எனக்குப் புதையல் தேவைப்படவில்லை. லேவாதேவிக்காரனின் சொத்தில் பெரும்பங்கு அடுத்தவன் கையில் இருக்கும் கடன். கடன்பட்ட நவாப்கள் பதவி இழந்தார்கள். ஜமீன்தார்கள் 1770 பஞ்சத்திலும் கம்பெனியின் ஏலத்திலும் நொடித்தார்கள். பாக்கி கேட்டுப் போன இடத்தில் கிளைவ் ஒப்புக்கொண்டது அந்த 21 லட்சம் மட்டும்தான்.